டோடோ ஏன் இறக்கையை விட்டது?

நீங்கள் கேட்டது இதுதான். உங்கள் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "டோடோ சோம்பேறியா இருந்து பறக்கவே மறந்துபோச்சு, அதான் அழிஞ்சுது" என்கிறான். பரிணாமம் என்றால் உயிர்கள் மேலே மேலே போவதுதானே, அப்படியிருக்க ஒரு பறவை இருந்த இறக்கையையே ஏன் இழக்க வேண்டும், அது பின்னேற்றம் இல்லையா? எல்லாம் தற்செயல் என்றால் கண் மாதிரி ஒன்று எப்படித் தற்செயலாக வரும்? இந்தத் தீவில் பல வருடமாக உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன், இதே கேள்விகள் வருடா வருடம் வகுப்பில் வரும். நல்ல கேள்விகள். இந்தத் தீவில் வாழ்ந்து அழிந்த, பறக்காத பறவையான டோடோவை வைத்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இயற்கைத் தேர்வு எப்படி வேலை செய்கிறது என்பதை நம் மொரீஷியஸைப் போலக் கண்ணெதிரே காட்டும் இடங்கள் உலகத்தில் குறைவு.

முதலில் அந்தச் "சோம்பேறி"யை எடுத்துப் போட்டுவிடுவோம், பாதிக் குழப்பம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. ஒரு பறவை வாழ்நாள் முழுக்கப் பறந்தாலும் சரி, தரையிலேயே நடந்து தின்றாலும் சரி, அதன் முட்டைக்குள் போகிற மரபணு அதைப் பார்த்து மாறுவதில்லை. கரும்பு வெட்டி வெட்டிக் கை காய்த்துப்போனவர்கள் நம் தாத்தாக்கள், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் உள்ளங்கை மெத்தென்றுதான் இருந்தது. டோடோவின் மூதாதைப் புறா ஒன்று பறக்காமல் சும்மா இருந்திருந்தாலும் அதன் குஞ்சுக்கு அதனால் இறக்கை சிறுத்திருக்காது. பரிணாமத்தில் தனி உயிர் மாறுவதே இல்லை. மாறுவது கூட்டம். ஒரு தலைமுறையில் கூட்டத்துக்குள் யார் எத்தனை பேர் என்ற கணக்கு அடுத்த தலைமுறையில் கொஞ்சம் வேறாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு ஏன் மாறுகிறது என்று கேட்டால், ஒரு கூட்டில் பொரித்த இரண்டு புறாக் குஞ்சுகளைப் பாருங்கள். ஒன்றின் மார்பு கொஞ்சம் பருமன், ஒன்றின் கால் கொஞ்சம் நீளம். இந்த வித்தியாசங்களில் ஒரு பங்கு தீனியால், குளிரால், வெயிலால் வருவது, அது அந்தப் பறவையோடு முடிந்துவிடும். மீதிப் பங்கு மரபணுவில் எழுதியிருப்பது, அது பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும். மரபணு நகலெடுக்கப்படும்போது அவ்வப்போது நேர்கிற சின்னச் சின்னப் பிழைகளிலிருந்துதான் புதிய வித்தியாசம் பிறக்கிறது, சடுதி மாற்றம் என்று பாடப்புத்தகத்தில் சொல்வது அதைத்தான். இப்போது அந்த மரபு வித்தியாசங்களில் ஏதாவது ஒன்று, அந்த இடத்தில், அந்தக் காலத்தில், அதிகக் குஞ்சுகளைப் பிழைக்க வைத்தால், அடுத்த தலைமுறையில் அந்தக் குணம் உள்ளவை கொஞ்சம் கூடியிருக்கும். யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. பிழைத்ததும் பிழைக்காததும்தான் தேர்வு.

வித்தியாசமே இல்லாத இடத்தில் தேர்வுக்கு வேலை கிடையாது. இதைப் புரிந்துகொள்ள நம் கரும்பு வயலே போதும். கரும்பை விதை போட்டா வளர்க்கிறோம், கரணை வெட்டி நடுகிறோம். ஒரு வயல் முழுக்க நிற்பது உண்மையில் ஒரே செடி, ஆயிரக்கணக்கான துண்டாக. அதில் ஒன்றைச் சாய்க்கிற நோய் எல்லாவற்றையும் சாய்க்கும், "இது மட்டும் தாங்கியது" என்று தனித்து நிற்க ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் கரும்பு ஆராய்ச்சி செய்பவர்கள் ஓயாமல் பூவோடு பூ சேர்த்து விதை எடுத்து, புது வித்தியாசங்களை உண்டாக்கி, அதிலிருந்து பொறுக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, இத்துணூண்டு வித்தியாசம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று தோன்றும். வட்டிக்கு வட்டி கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு குணம் உள்ள பறவைகள் 101 குஞ்சு விட்டுப்போகும் இடத்தில் அது இல்லாதவை 100 விட்டுப்போகின்றன என்று வையுங்கள், ஒரே ஒரு சதவீதம் கூடுதல், கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. கூட்டத்தில் நூற்றில் ஒன்றிடம் இருந்த அந்தக் குணம் நூற்றில் தொண்ணூற்றொன்பதிடம் பரவ, எளிமையாகக் கணக்குப் போட்டால், 900 தலைமுறைக்குச் சற்று மேல் ஆகும். ஒரு தலைமுறைக்கு ஐந்து வருடம் என்றால் ஐயாயிரம் வருடம்கூட இல்லை. இந்தத் தீவு எரிமலையாகக் கடலைப் பிளந்துகொண்டு எழும்பி சுமார் 80 லட்சம் வருடம் ஆகிறது. நேரத்துக்குப் பஞ்சமே இல்லை.

இனி டோடோ. அது புறாக் குடும்பத்துப் பறவை, இதில் சந்தேகமே கிடையாது. 2002-இல் வெளியான டிஎன்ஏ ஆய்வு அதன் மிக நெருங்கிய உறவு ரொட்ரீக்ஸ் தீவில் வாழ்ந்து அழிந்த சொலித்தேர் என்ற பறவை என்றும், இன்று உயிரோடு இருப்பவற்றில் நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்றும் காட்டியது. ஆமாம், வங்கக் கடலில் இருக்கிற அதே நிக்கோபார். கழுத்தில் நீளநீளமாக இறகு தொங்க, பச்சையும் செம்பும் மின்னும் அழகான பறவை, தீவுக்குத் தீவு பறந்து போய்த் தின்னும். அந்த மாதிரி ஏதோ ஒரு மூதாதை கிழக்கிலிருந்து கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறது, பிற்பாடு நம்மவர்கள் கப்பலில் வந்த அதே திசையிலிருந்து. ஆக, டோடோவின் முன்னோர் நன்றாகப் பறந்தவை. பறக்காவிட்டால் இங்கே வந்து சேர்ந்திருக்கவே முடியாது.

பறப்பதற்கு என்ன செலவு என்பது சமையலறையில் புறாவோ கோழியோ அறுத்தவர்களுக்குத் தெரியும். நெஞ்சுக்கு நடுவில் கத்தி நிறுத்தியது போல ஓர் எலும்பு நிற்கும், அதன் இரண்டு பக்கமும் கட்டிக் கட்டியாகச் சதை. புறாவின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அந்தப் பறக்கும் தசையே இருக்கும். அதைக் கட்டத் தீனி வேண்டும், கட்டியபின் சும்மா வைத்திருக்கவும் தீனி வேண்டும். பூனை இருக்கிற ஊரில், கீரி இருக்கிற ஊரில், இந்தச் செலவு தகும், ஒரு தடவை எழும்பிப் பறந்தால் உயிர் தப்பும். இங்கே அன்று பூனையும் இல்லை, கீரியும் இல்லை, நரி, எலி, குரங்கு எதுவும் இல்லை. மனிதன் வருவதற்கு முன் இந்தத் தீவில் இருந்த பாலூட்டிகள் வௌவால்கள் மட்டும்தான். தரையில் விழுந்து கிடக்கும் பழத்தைத் தின்ன எதற்குப் பறக்க வேண்டும்? கொஞ்சம் குறைவாகத் தசை கட்டிய பறவைக்கு, மிச்சமான தீனி முட்டைக்குப் போனது, கொழுப்புக்குப் போனது, வறண்ட மாதங்களைத் தாண்டப் போனது. அதன் குஞ்சுகள் நூற்றுக்கு நூற்றொன்று என்று கூடின. அப்புறம் நான் மேலே போட்ட கணக்குத்தான்.

நம் போர்ட் லூயிஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான டோடோ எலும்புக்கூட்டைப் பார்த்தவர்களுக்கு இது நேராகவே விளங்கும். பல பறவைகளின் எலும்பைச் சேர்த்துக் கோத்த எலும்புக்கூடுகள் உலகத்தில் பல இடங்களில் உண்டு. ஒரே ஒரு பறவையின் எலும்புகளால் ஆன முழுக்கூடு இது ஒன்றுதான். ஏத்தியென் திரியூ என்ற முடிதிருத்தும் தொழிலாளி, இயற்கைமேல் இருந்த ஆசையால் லெ பூஸ் மலைப்பக்கம் தேடித் திரிந்து 1900-களின் தொடக்கத்தில் கண்டெடுத்தது. அதன் நெஞ்செலும்பில் அந்தக் கத்தி எலும்பு மழுங்கித் தாழ்ந்திருக்கும், இறக்கை எலும்புகள் அவ்வளவு பெரிய உடலுக்குச் சம்பந்தமே இல்லாமல் சின்னதாக இருக்கும், கால் எலும்புகளோ திண்மையாக. சேமித்த இடமும் செலவழித்த இடமும் எலும்பிலேயே பதிந்திருக்கிறது.

"இதெல்லாம் நடந்து முடிந்தபின் சொல்கிற கதைதானே, நடந்ததற்கு என்ன சாட்சி?" என்று மகன் கேட்டால், கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இங்கிருந்து வடமேற்கே அல்டாப்ரா பவளத்தீவில் இருக்கிறது. மடகாஸ்கரிலிருந்து வெண்தொண்டை ரெயில் என்ற பறவை, தமிழ்நாட்டுக் கானாங்கோழி இனத்தது, அங்கே பறந்து போய்த் தங்கி, பறக்காத பறவையாக மாறியது. சுமார் 1,36,000 வருடத்துக்கு முன் கடல் உயர்ந்து அல்டாப்ரா முழுக்க மூழ்கிவிட்டது. பறக்காத பறவை எங்கே போகும், அத்தனையும் அழிந்தன. பிறகு கடல் இறங்கித் தீவு மறுபடி வெளியே வந்தது. மடகாஸ்கரிலிருந்து அதே ரெயில் மறுபடி பறந்து வந்தது. மறுபடி இறக்கையைக் குறைத்துக்கொண்டது! தீவு மூழ்குவதற்கு முந்தைய எலும்பும் பிந்தைய எலும்பும் கிடைத்து, இரண்டையும் ஒப்பிட்டு 2019-இல் எழுதினார்கள். எழுதிய இருவரில் ஒருவரான ஜூலியன் ஹியூம் டோடோவைப் பற்றியும் நிறைய ஆராய்ந்தவர். ஒரே மூதாதை, ஒரே தீவு, இரண்டு தடவை, ஒரே முடிவு. இரண்டாவது தடவை நடந்த மாற்றம் இருபதாயிரம் வருடத்துக்குள் வேகமாகவே முடிந்திருக்கிறது. சோம்பல் இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. ஒரே செலவும் ஒரே வரவும் இருந்தால் கணக்கு இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் வரும். அந்தப் பறவை இன்றும் அல்டாப்ராவில் உயிரோடு நடந்து திரிகிறது.

பின்னேற்றமா என்று கேட்டிருந்தீர்கள். மேலே, கீழே, முன்னே, பின்னே என்ற சொற்களெல்லாம் நாம் கொண்டுவந்து ஒட்டுபவை, இயற்கைத் தேர்வுக்கு அப்படி ஒரு ஏணி கிடையாது. "தக்கன பிழைக்கும்" என்று தமிழில் சொல்கிறோமே, அது நல்ல மொழிபெயர்ப்பு, அதில் தக்கது என்றுதான் இருக்கிறது, வலியது என்று இல்லை. ஆனால் கேட்பவர்கள் காதில் அது "வல்லான் வகுத்ததே வாய்க்கால்" என்றுதான் விழுகிறது. எதற்குத் தக்கது என்று கேட்க வேண்டும். கலாபகஸ் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி வருடக்கணக்காக ஒவ்வொரு குருவியையும் பிடித்து அலகை அளந்து, கால் வளையம் போட்டு விட்டார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, உடைக்கக் கடினமான பெரிய விதைகள் மட்டும் மிஞ்சின. பெரும்பாலான குருவிகள் செத்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியில் கனமாக இருந்தது, அவற்றின் குஞ்சுகளுக்கும் அப்படியே. வித்தியாசம் அரை மில்லிமீட்டர் அளவுதான், ஆனால் அளந்து பிடித்த வித்தியாசம். பிறகு 1983-இல் மழை கொட்டித் தீர்த்தது, சின்ன விதை எங்கும் மண்டியது, இப்போது சின்ன அலகுக்காரர்களின் கை ஓங்கியது. எது முன்னேற்றம், எது பின்னேற்றம்? அந்த வருடத்து விதைதான் தீர்மானித்தது.

தற்செயல் பற்றிய கேள்விக்கு நேர்ப் பதில்: வித்தியாசம் பிறப்பது தற்செயல், எது தங்குகிறது என்பது தற்செயல் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான் கண் அதிசயமாகத் தெரியும். தட்டைப்புழுவுக்கு ஒளி படும் குழி ஒன்று போதும், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அது பிழைக்கும். நாட்டிலஸ் என்ற கடல் உயிரிக்குக் கண்ணில் வில்லை (லென்ஸ்) கிடையாது, ஊசித்துளை வழியாக மங்கலாகப் பார்க்கிறது, அதுவும் இன்றுவரை வாழ்கிறது. அரைக்கண்ணால் என்ன பயன் என்பவர்கள் குருடருக்குப் பக்கத்தில் கண்மங்கியவர் எப்படி நடக்கிறார் என்று பார்த்தால் போதும். நில்சன், பெல்கர் என்ற இரு சுவீடன் ஆய்வாளர்கள் 1994-இல் கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு படியிலும் பார்வை மிகச் சிறிதளவே தெளிவாகிறது என்று வைத்து, வேகத்தையும் வேண்டுமென்றே குறைவாக வைத்துக்கொண்டே பார்த்தால்கூட, ஒளி உணரும் ஒரு தட்டைப் படலம் வில்லையுள்ள கண்ணாக மாற நான்கு லட்சம் தலைமுறைக்கும் குறைவாகவே போதும் என்று வந்தது. வருடத்துக்கு ஒரு தலைமுறை கொண்ட சின்னக் கடல் உயிரிகளுக்கு, பூமியின் வயதோடு வைத்துப் பார்த்தால் இது ரொம்பக் கொஞ்ச நேரம்.

இன்னும் அருகில் ஓர் உதாரணம் வேண்டுமென்றால், வராந்தாவில் வாழைப்பழத் தோலை வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருங்கள். நம் பச்சைப் பல்லி, முதுகில் சிவப்புப் புள்ளியோடு, வெயில் ஏறியபின் வரும், நின்று நின்று பார்க்கும், பிறகு நாக்கை நீட்டித் தோலின் உட்பக்கத்தை நக்கும். தமிழ்நாட்டுச் சுவர்ப் பல்லி இரவில் பூச்சி பிடிப்பதோடு சரி. இது பகல் பல்லி, தேனும் பழச்சாறும் விரும்பும். இதன் மூதாதைகள் மடகாஸ்கர் பக்கமிருந்து கடலில் மிதந்து வந்தவை. பூவுக்குத் தேனீயும் பறவையும் தேடி வருவது எங்கும் உண்டு. இங்கே பல்லியும் வந்தது. அதற்குப் பூக்கள் என்ன செய்தன தெரியுமா? பொதுவாகப் பூந்தேன் தண்ணீர் மாதிரி நிறமற்றது. மொரீஷியஸின் மூன்று செடிகளில் மட்டும் சிவப்பாகத் தேன் சுரக்கிறது என்று 1998-இல் எழுதப்பட்டது, உலகத்திலேயே அரிதான விஷயம் அது. அந்த மூன்றில் ஒன்று, காதுக்கம்மல் என்று பொருள்படும் பெயர் கொண்ட நம் தேசியப் பூ, லெ மோர்ன் மலையில் மட்டும் இயற்கையாக விளைவது. பல்லிகளுக்கு முன்னால் நிறமுள்ள தேனையும் நிறமற்ற தேனையும் வைத்துப் பார்த்த சோதனையில் அவை நிறமுள்ளதைத்தான் தேடிப் போயின. தற்செயலாகச் சற்றுச் சிவந்த தேன் சுரந்த ஒரு செடிக்குப் பல்லி கூடுதலாக வந்திருக்கும், மகரந்தம் கூடுதலாகப் போயிருக்கும், விதை கூடுதலாக விழுந்திருக்கும். செடிக்குக் கண் கிடையாது, அது பல்லியைப் பார்த்ததே இல்லை. பல்லியின் கண்தான் செடியின் தேனுக்குச் சாயம் ஏற்றியது.

அப்படியானால் டோடோ ஏன் மறுபடி மாறித் தப்பிக்கவில்லை? இதுதான் எல்லாவற்றிலும் எனக்கு வலிக்கிற இடம். டச்சுக்காரர்கள் இங்கே இறங்கியது 1598. டோடோவை நேரில் பார்த்ததாகப் பலரும் ஒப்புக்கொள்ளும் கடைசிக் குறிப்பு 1662. நடுவில் 64 வருடம். வேட்டையாடித் தின்றே தீர்த்தார்கள் என்பது முழுக் கதை இல்லை. கப்பலோடு வந்த எலி, பன்றி, குரங்கு மூன்றும் தரையில் கிடந்த முட்டையைத் தின்றன. கூட்டில் ஒரே முட்டை என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. இத்தனை லட்சம் வருடம் எந்தத் தேர்வும் கேட்காத ஒரு கேள்வி திடீரென்று வந்து நின்றது, விடை எழுத வேண்டிய வித்தியாசம் கூட்டத்துக்குள் இல்லை, தலைமுறைகளும் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். இயற்கைத் தேர்வுக்கு நாளையைப் பற்றி எதுவும் தெரியாது. இன்று இந்த இடத்தில் எது அதிகக் குஞ்சு விடுகிறது என்பதை மட்டும்தான் அது பார்க்கும். டோடோ முட்டாள் என்பதும் பழி. 2016-இல் அதன் மண்டையோட்டை ஸ்கேன் செய்து பார்த்தவர்கள், மூளை உடலுக்கு ஏற்ற அளவில், மற்றப் புறாக்களைப் போலத்தான் இருந்தது என்றார்கள். மனிதனைக் கண்டு ஓடவில்லை என்றால், ஓட வேண்டியவன் என்று அதற்கு யாரும் அதுவரை காட்டியிருக்கவில்லை. 2017-இல் எலும்பை நுணுக்கமாகப் பார்த்த இன்னொரு ஆய்வு, அவை ஆகஸ்ட் வாக்கில் முட்டையிட்டு, குஞ்சுகள் சூறாவளி மாதங்களுக்கு முன் மளமளவென வளர்ந்துவிட்டன என்று காட்டியது. ஜனவரி, பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். நாம் சன்னலுக்குப் பலகை அடிக்கிறோம், அவை குஞ்சை முன்கூட்டியே வளர்த்து நிறுத்தின. இந்தத் தீவுக்கு இவ்வளவு பொருந்தி வாழ்ந்த பறவையைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேகத்தைப் பற்றி இன்னும் ஒன்று. மலேரியாவுக்காக இங்கே 1940-களின் கடைசியில் டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். அதே மருந்தை அடித்த உலகின் பல நாடுகளில் சில வருடங்களுக்குள் அதற்குச் சாகாத கொசுக்கள் கிளம்பின. கோடிக்கணக்கில் கொசு, வருடத்துக்குப் பல தலைமுறை, அத்தனை கோடியில் ஏதோ ஒன்றிடம் ஏற்கெனவே தாங்கும் மரபணு இருக்கும், அதன் பிள்ளைகள் காலி இடத்தை நிரப்பிவிடும். அதே டிடிடி நம் வல்லூறுக்கும் உணவு வழியாகப் போனது. வல்லூறு எண்ணிக்கையில் குறைவு, வருடத்துக்கு ஒரு தடவை சில முட்டை, மருந்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. காடும் போய், குரங்கும் முட்டையைத் தின்று, 1974-இல் காட்டில் தெரிந்த மொரீஷியஸ் வல்லூறு நான்கே நான்கு. உலகத்தில் அதைவிட அரிய பறவை அப்போது இல்லை என்றார்கள். கோழி தின்னி என்று நம் ஊர்ப் பேச்சுமொழியான க்ரெயோலில் அதற்குக் கெட்ட பெயர் வேறு, ஆனால் அது முக்கியமாகத் தின்பது பல்லி, அடர்ந்த காட்டுக்குள் பல்லியைத் துரத்தத் தோதாகக் குட்டையான வட்ட இறக்கை அதற்கு. மீண்டு வந்த கதை கார்ல் ஜோன்ஸும் அவரோடு உழைத்தவர்களும் முட்டையெடுத்துப் பொரித்து, கூட்டுப்பெட்டி மாட்டிக் காப்பாற்றியது, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். நான் இங்கே சொல்ல வந்தது வேறு. அந்தக் கடைசிக் காலத்தில் குரங்கு ஏற முடியாத செங்குத்துப் பாறைப் பொந்தில் கூடு வைத்தவைக்குக் குஞ்சு தங்கியது. பிறந்த இடம் எப்படியோ அப்படிப்பட்ட இடத்தைத்தான் வளர்ந்தபின் இந்தப் பறவை தேடும், பெட்டியில் பிறந்தது பெட்டியைத் தேடும். மரபணு மாறாமலே, பழக்கமாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் வித்தியாசத்தின்மீதும் இதே வடிகட்டல் நடக்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி. நிலத்தில் மட்டுமே முட்டையிட்ட டோடோவுக்கு அந்த ஒரு வாய்ப்பும் இல்லாமல் போனது.

எல்லா மாற்றமும் தேர்வால் வருவதில்லை என்பதையும் மகனிடம் சொல்லுங்கள், பள்ளியில் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். 1990-ஐ ஒட்டி நம் இளஞ்சிவப்புப் புறா காட்டில் பத்து வாக்கில்தான் இருந்தது. இன்று சில நூறு. எண்ணிக்கை திரும்பி வந்தது, ஆனால் அந்தப் பத்துக்குள் இல்லாத மரபணுக்கள் திரும்பி வரவில்லை. எது தங்கியது, எது போனது என்பதில் நன்மை தீமைக்கு இடமே இல்லை, குலுக்கல் சீட்டு மாதிரி. சின்னக் கூட்டத்தில் இந்தக் குலுக்கல் இயற்கைத் தேர்வையே மீறி ஓடும், கெட்ட மரபணுவும் சேர்ந்து தங்கிவிடும். வெளிநாட்டு மிருகக்காட்சி சாலைகளில் வளரும் சில புறாக்களிடம் இங்கே தொலைந்த வகைகள் இருக்கின்றன, அவற்றைக் கலக்க வேண்டும் என்று இத்துறைக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

கங்கா தலாவ் ஏரிக்கோயில் பக்கம் போனால் பூசைப் பழத்தைப் பிடுங்க வரும் குரங்குகளைக் காட்டி, "இதுவா நம் தாத்தா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். தாத்தா இல்லை, பங்காளி. இரண்டு கோடியே ஐம்பது லட்சம் வருடத்துக்கும் முன்னால் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிடமிருந்து இரண்டு கிளையாகப் பிரிந்த பங்காளி. அவை நின்றுவிட்டன, நாம் நடந்தோம் என்று இல்லை, அவையும் அதே அளவு காலம் மாறித்தான் வந்திருக்கின்றன.

இயற்கைத் தேர்வை விளக்கி எழுதிய சார்ல்ஸ் டார்வின் 1836 ஏப்ரல் கடைசியில் பீகிள் கப்பலில் இங்கே வந்து பத்து நாள் வாக்கில் தங்கினார், மே 2 அன்று லெ பூஸ் மலை ஏறினார். அந்த மலைப்பக்கம் கல்லுக்கடியில் டோடோ எலும்புகள் கிடந்தன, அவருக்குத் தெரிய வழியில்லை. உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவர் புத்தகம் வந்து ஆறு வருடம் கழித்து, 1865-இல், மாயேபூர் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க், இப்போதைய விமான நிலையத்துக்கு அருகே மார் ஓ சோன்ஜ் சதுப்பில் வேலையாட்களை இறக்கினார். சோன்ஜ் என்றால் நம் சேம்பு, சேம்பங்குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றடித் தண்ணீரில் வெறுங்காலால் சேற்றைத் துழாவித் துழாவித்தான் முதல் கால் எலும்புகளைக் கண்டுபிடித்தார்கள். நம் பணத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறதல்லவா, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிகிற நீர்க்குறி அந்த டோடோதான்.

ஒரு திருத்தம். டோடோ வயிற்றுக்குள் போனால்தான் தம்பலகோக் மரத்தின் விதை முளைக்கும், டோடோ போனதால் மரமும் போகிறது என்று 1977-இல் ஒரு கருத்து வெளிவந்தது, அது இன்னும் பாடத்தில் சொல்லப்படுகிறது. டோடோ இல்லாமலும் அந்த விதை முளைக்கிறது, டோடோ அழிந்தபின் முளைத்த மரங்களும் காட்டில் நிற்கின்றன. அந்தக் கதையை விட்டுவிடலாம்.

அதற்குப் பதில் மகனுக்குக் காட்ட ஒரு செடி சொல்கிறேன். புவா தொலீவ் என்று நாற்றுப்பண்ணையில் கேட்டு வாங்குங்கள். கன்றாக இருக்கும்போது இலை குச்சி மாதிரி ஒடுங்கி, கரும்பச்சையாக, நடுநரம்பு சிவந்து இருக்கும். பெரிய மரமானபின் இலை அகலமாக, சாதாரணப் பச்சையாக இருக்கும், இரண்டும் ஒரே செடி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம் தீவுக்கூட்டத்தின் பல மரங்கள் இப்படித்தான். இங்கே ஒரு காலத்தில் இரண்டு இன ராட்சத ஆமைகள் மந்தை மந்தையாக மேய்ந்தன. ஆமையின் வாய் எட்டும் உயரத்தில் ஓர் இலை, அதற்கு மேல் வேறோர் இலை. அல்டாப்ரா ஆமைகளுக்கு இப்படிப்பட்ட செடிகளின் கன்று இலையையும் மர இலையையும் வைத்துப் பார்த்த சோதனையில், கன்று இலையை அவை பெரும்பாலும் ஒதுக்கின. நம் ஆமைகள் கப்பல்காரர்களுக்கு இறைச்சியாகிப் போய் முந்நூறு வருடம் நெருங்குகிறது. ரோஸ் ஹில்லில் என் வீட்டு வராந்தாவில் ஒரு தொட்டியில் நிற்கிற கன்று, அது வாழ்நாளில் ஓர் ஆமையையும் கண்டதில்லை, என் இடுப்பு உயரம்வரை இன்னும் அதே ஒடுங்கிய சிவந்த இலையைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறது. போன மாதம் தோளுக்கு மேல் போன ஒரு கிளையில் முதல் அகல இலை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்து வாருங்கள், இரண்டு இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.